பாப்பா பெயரில் யாரோ பார்க்கிறார்கள்

ஜூன் 12, வியாழன்

மன்னிச்சுக்கோ பாப்பா, இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாத்திரம் கழுவி, உன் பால் பாட்டிலைக் கொதிக்கவைத்து எடுத்து, உன் அப்பா காலை ரயிலுக்குக் கொண்டுபோகும் சாதத்துக்கு வேர்க்கடலை வறுத்து வைத்துவிட்டு வருவதற்குள் ஊரே அடங்கிவிட்டது. லைட் போட்டால் நீ எழுந்துவிடுவாய். போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

இது நீ பெரியவளாகிப் படிப்பதற்கான நோட்டு. எழுதினால் உன்னிடம் பேசுவது போல இருக்கிறது. பகலில் பேசினால் நீ கொஞ்ச நேரம் என் வாயையே பார்க்கிறாய், பிறகு எழுந்து போய்விடுகிறாய்.

இன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உன்னை ராபர்ட்சன்பேட்டையில் குழந்தை டாக்டரிடம் காட்டினோம், நானும் உன் அத்தை ஷைலா அக்காவும். உனக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. 'ம்மா' தவிர ஒரு வார்த்தை இல்லை. அதுவும் என்னைக் கூப்பிடுகிறாயா, பசியென்று சொல்கிறாயா, எனக்கே தெரியாது.

டாக்டர் கேட்டது இதுதான்: "டிவி பாக்குமா?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார். "பாக்காத புள்ள இப்ப யாரு சார் கீது?"

"பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்புதா?"

"டிவி ஓடும்போது திரும்ப மாட்டா சார்" என்றேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். டிவி, மொபைல் இரண்டையும் அடியோடு நிறுத்த வேண்டுமாம். ஒரு மாதம். அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால் காதைப் பரிசோதிக்க வேண்டும், பெங்களூருக்கு எழுதித் தருகிறேன் என்றார்.

காது என்றதும் அக்கா ஏதோ சொல்ல வந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். காதில் என்ன? ஸ்டேஷனில் ரயில் ஹாரன் அடித்தால் வாசலுக்கு ஓடுகிறவள் நீ. எல்லாம் இந்த டிவி. எனக்குத் தெரியும்.

ஜூன் 14, சனி

டிவி இந்த வீட்டில் என்றைக்கும் இருந்ததுதான். ஆனால் ஏப்ரல் வரைக்கும் கேபிள். கார்ட்டூன் ஒன்று முடிந்தால் விளம்பரம் வரும், நீ எழுந்து தண்ணீர்ப் பானையில் கை விடப் போவாய். கரண்ட் போனாலும் போச்சு, கேபிள்காரன் எல்வின் நிறுத்தினாலும் போச்சு. அதற்கு ஒரு முடிவு இருந்தது.

ஏப்ரலில் உன் அப்பா அதை எடுத்துவிட்டு நெட் போட்டார். போட வந்தவனும் அதே எல்வின்தான். "இருவது வருஷம் உங்க கூரை மேல நானே இழுத்த ஒயரு, நானே அறுக்குறேன்க்கா. இதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் பாக்கலாம்" என்றான், கம்பத்தில் தொங்கிக்கொண்டே.

கீழே நின்ற ஷைலா அக்கா, "எப்ப வேணும்னாலும் பாக்கலாம்னா எப்பவும் பாத்துனே இருக்கணும்டா. அதுக்கு ஒம்பது மணி சீரியலே தேவல" என்றார். அப்போது சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது. நெட்டில் விளம்பரம் இல்லை. ஒரு கதை முடியும் முன்பே அடுத்தது தானாக ஆரம்பிக்கிறது. இன்னும் பார்க்கிறாயா என்று எப்போதாவது ஒரு தடவை கேட்கிறது, அவ்வளவுதான். நீ திரையின் முன்னால் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்கென்று உனக்குத் தனிக் கணக்கு வேறு. உன் அப்பா ஆசையாக 'பாப்பா' என்று பெயர் போட்டு, ஒரு பொம்மைக் கரடிப் படத்தையும் வைத்தார்.

இன்று சட்டம் போட்டாயிற்று. நீ விழித்திருக்கும்வரை டிவி கிடையாது, போன் கிடையாது. நான் ஆடிட்டர் ஆபீசுக்குப் போய்விட்டால் நாள் முழுக்க உன்னைப் பார்த்துக்கொள்வது ஷைலா அக்காதான். உன் அப்பாவின் அக்கா. அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் தலையை ஆட்டினார். "சரி, போடல."

தலையை ஆட்டினார். சத்தியமா பண்ணினார்?

ஜூன் 19, வியாழன்

ஐந்து நாள் டிவி இல்லாமல் போய்விட்டது. வார்த்தை ஒன்றும் வரவில்லை. பொறுமை.

ஜூன் 24, செவ்வாய்



மதியம் ஆபீசில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் படம் பார்க்கும் ஆப்பை என் போனில் திறந்தேன். என்னுடைய கணக்கைத்தான் திறக்கப் போனேன். விரல் தவறி 'பாப்பா'வில் பட்டது. 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில் முதலில் நின்றது ஒரு குட்டி யானை, தண்ணி லாரி ஓட்டுகிற யானை. அடியில் சிவப்புக் கோடு பாதிக்கு மேல் ஓடியிருந்தது. இந்த யானையை நான் பார்த்ததே இல்லை. நாம் டிவியை நிறுத்திய பிறகு வந்த புதுக் கார்ட்டூன்.

சிறிது நேரம் கழித்துத் திறந்தேன். கோடு நகர்ந்திருந்தது.

அதாவது நான் இங்கே தயிர்சாதம் பிசைந்துகொண்டிருக்கும்போது, அங்கே உன் பெயரில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதது போலக் கேட்டேன். "பாப்பா இன்னிக்கு இன்னா பண்ணாக்கா?"

"இன்னா பண்ணுவா? தூங்குனா, எழுந்தா, என் பொடவைய புடிச்சினு சுத்துனா."

"டிவி?"

"அதான் போடக் கூடாதுன்னியே."

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல ஒருவரால் முடியுமா? முடிகிறதே.

ஜூன் 25, புதன்

இன்று பெர்மிஷன் கேட்டுக்கொண்டு சீக்கிரமே வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய் டிவியின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். ஓடியிருந்தால் சூடு இருக்கும். சில்லென்று இருந்தது.

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டார். "இன்னா மாயா, டிவிக்கு ஜொரமா?"

"தூசி கீதான்னு பாத்தேன்."

"தூசி முன்னாடி கீது. பின்னாடி இன்னாத்துக்கு தேடுற?"

டிவி சில்லென்று இருந்தால் என்ன, அக்காவிடம் போன் இல்லையா? போனில் போட்டுக் காட்டினால் எந்த முதுகைத் தொட்டுக் கண்டுபிடிப்பது? ராத்திரி அவர் குளிக்கப் போனபோது அவருடைய போனை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆப்பே அதில் இல்லை. அழித்துவிட்டு மறுபடி போடலாம். எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும்.

பாப்பா, படிக்கிற வயசு உனக்கு வரும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன்.

ஜூன் 29, ஞாயிறு

உன் அப்பாவிடம் சொன்னேன். வாரம் முழுக்க ரயிலிலும் கம்பெனியிலும் போய்விடுகிறது, ஞாயிற்றுக்கிழமைதான் மனிதர் முகம் பார்க்க முடிகிறது. போனை நீட்டி யானையைக் காட்டினேன்.

"அக்கா பொய் சொல்ல மாட்டா மாயா."

"அப்ப யானை பொய் சொல்லுதா?"

"ஆப்பு ஏதாச்சும் தானா ஓடியிருக்கும். எல்வினக் கேக்கலாம்."

எல்வின் சாயங்காலம் பக்கத்து லைன் வீடுகளில் வேலையை முடித்துவிட்டு வந்தான். தானாக ஓடுமா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "ஒண்ணு முடிஞ்சா இன்னொன்னு தானா ஓடும்க்கா. ஆனா யாராச்சும் மொதல்ல போட்டாத்தான். ஆளே இல்லாத வூட்ல அதுவா எழுந்து படம் பாக்காது."

உன் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எல்வின் போனதும், "அக்காகிட்ட இதக் கேக்காத. மனசு ஒடஞ்சிடும்" என்றார்.

அவருக்கும் தெரியும் போலிருக்கிறது. இரண்டு பேருமாகச் சேர்ந்து மறைக்கிறார்கள். இல்லையென்றால் ஏன் ஜன்னலைப் பார்க்க வேண்டும்? வளர்த்த அக்கா. நான் நாலு வருஷம் முன்னால் வந்தவள்.

ஜூலை 3, வியாழன்

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

ஆபீசில் வரி ரிட்டர்ன் வேலை தலைக்கு மேல் கிடந்தது. நடுவில் ஆப்பைத் திறந்தேன். (திறக்காமல் இருக்க முடியவில்லை. புண்ணைச் சொறிவது போல ஆகிவிட்டது.) யானை ஓடிக்கொண்டிருந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பாப்பா இன்னா பண்றா?"

"தூங்குது."

அவர் அதைச் சொல்லும்போதே பின்னால் அந்தப் பாட்டு. லாரி ஹாரன், யானை பிளிறல், குழந்தைகள் கோரஸ். எனக்கு மனப்பாடம் அது. போனிலேயே கேட்கிறது.

"அது இன்னா சத்தம்க்கா?"

"சத்தமா? இன்னா சத்தம்? அடுப்புல பால் வச்சிகீறேன்" என்று வைத்துவிட்டார்.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. வந்ததும் கத்தினேன். இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம். "டாக்டர் சொன்னத நீங்களும்தான கேட்டீங்க? புள்ள ஊமையாப் போனா பரவால்ல, உங்களுக்கு ரெஸ்ட் வேணும், அதான?"

சொன்ன வார்த்தை சொன்னதுதான். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பாப்பாவுக்கு நான் டிவி போடல" என்றார். அதையே இன்னொரு முறை சொன்னார்.

நான் அவ்வளவு கத்தியும் நீ எழுந்திருக்கவில்லை. பாயில் அப்படியே தூங்கினாய். கார்ட்டூன் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன தூக்கம் என்று நினைத்தேன்.

ஜூலை 5, சனி

அக்கா என்னோடு பேசுவதில்லை. உன்னிடம் சொல்வது போல என்னிடம் சொல்கிறார். "உங்கம்மாவ சாப்ட சொல்லு."

ஜூலை 8, செவ்வாய்

இன்று நேராகவே பேசினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், நீ தரையில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாய், எங்களுக்கு முதுகைக் காட்டி.

"ஒண்ணு சொல்றேன், சண்ட போடாத. பின்னாடி நின்னு கூப்ட்டா புள்ள திரும்ப மாட்டேங்குது. முன்னாடி போனாத்தான் பாக்குது. காதுக்குக் காட்டலாம்."

"பேச்ச மாத்தாதீங்கக்கா."

"மாத்தல. நீயே கூப்டு."

"டிவி பாத்தா அப்டித்தான் ஆவும்னு டாக்டரே சொன்னாரு. பேர் சொன்னா திரும்பாது. மொதல்ல அத நிறுத்துங்க, தானா திரும்புவா."

அக்கா எழுந்து போய்விட்டார். மாட்டிக்கொண்டதும் காது, மூக்கு என்று ஆரம்பிக்கிறார். தன்மேல் இருக்கிற பழியைக் குழந்தையின் காதின்மேல் போடுகிற ஆள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 12, சனி

டாக்டர் சொன்ன ஒரு மாதம் இன்றோடு முடிகிறது. போகவில்லை. என்னவென்று போய்ச் சொல்வது? டிவியை நிறுத்திப் பார்த்தோம் என்று பொய் சொல்லவா? அந்த ஒரு மாதம் இந்த வீட்டில் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

யானை நேற்றும் ஓடியது. இன்றும்.

ஜூலை 20, ஞாயிறு

நான் வீட்டில் இருக்கிற நாளில் யானை குறைவாகத்தான் ஓடுகிறது. ஓடாமல் இல்லை. உன்னை மாரிகுப்பத்தில் சின்னம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனேனே, அப்போதும் கோடு நகர்ந்தது. நீ என் மடியில் இருந்தாய். அப்படியானால்?

அக்கா தனக்காகப் போட்டுக்கொள்கிறாரா? யானைக் கார்ட்டூனை? நாற்பது தாண்டியவர்?

என்னைக் குழப்புவதற்காகவே செய்கிறாரோ என்று தோன்றுகிறது. இப்படி யோசிக்கிற நான் சரியாகத்தான் இருக்கிறேனா என்றும்.

ஜூலை 29, செவ்வாய்

வேலையை விட்டுவிடலாம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "நீ வேலைய விட்டா அக்காவ வீட்ட விட்டு அனுப்புற மாதிரி" என்றார். நான் அப்படி நினைக்கவில்லை.

நினைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்னும் 'ம்மா' மட்டும்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். எங்கே தொடங்குவது?

லீவு. மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். உன் அப்பா சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார், அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நீ அவர் பக்கத்தில் காம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். டிவி அணைந்திருந்தது. அக்காவின் போன் என் கண்ணெதிரே அலமாரியில் இருந்தது. நான் ஆப்பைத் திறந்தேன். யானையின் கோடு நகர்ந்துகொண்டிருந்தது.

யாரும் பார்க்காத யானை ஓடுகிறது! எனக்குத் தலைக்குள் ஏதோ கழன்றது. யாராவது வெளி ஆள் நுழைந்திருக்க வேண்டும், பெங்களூரில் உன் அப்பாவின் சிநேகிதன் யாராவது, அல்லது எல்வினே. நல்லது, எவனாக இருந்தாலும் வெளியே போகட்டும் என்று அங்கேயே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினேன். எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

கீரைக்கட்டு பாதிகூட முடிந்திருக்காது. வாசலில் பக்கத்து வீட்டு சுமா வந்து நின்றாள். கையில் ரிமோட். பின்னால் அவளுடைய நாலு வயதுப் பையன் நந்து, மூக்கு ஒழுக அழுதுகொண்டு.

"ஷைலாக்கா, உங்க வீட்ல வருதா? எங்க வீட்ல சடனா நின்னு போச்சு."

கேபிள் காலத்தில், ஒட்டி ஒட்டி நிற்கிற இந்த லைன் வீடுகளில் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. படம் நின்றால் வாசலுக்கு வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்பார்கள், உங்க வீட்ல வருதா என்று. பழக்கத்தில் வந்துவிட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள், சைக்கிளோடு நின்ற உன் அப்பாவைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அக்கா கீரையைக் கீழே வைத்தார். "நான்தான் குடுத்தேன்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நம்ம வூட்டுக்கு கேபிள் வந்த நாள்லேர்ந்து அதே ஒயர்தான் அவங்க வூட்டுக்கும் போச்சு. பங்கு போட்டுத்தான் பாத்தோம். நீங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல அறுத்துட்டீங்க, அவங்க டிவியும் செத்துப்போச்சு. உங்களுக்கு அது தெரியவும் தெரியல. இந்தப் புள்ள சுவத்தத் தட்டித் தட்டி அழுதான். லைன்ல ஒரு வூட்டுக்கு வந்தா பக்கத்து வூட்டுக்கும் வரணும். வைஃபையும் குடுத்தேன், ஆப்பத் தொறக்குற நம்பரும் குடுத்தேன். சுமாவே வந்து அந்த நம்பர நம்ம டிவில பாத்து அவங்க டிவில போட்டுக்கினா."

உன் அப்பா, "யாருக்கும் குடுக்காதன்னு சொன்னேன்லக்கா" என்றார், மெதுவாக.

"அதான் சொல்லல. உன் வூட்டு சோறு திங்கிறேன், உன் பேச்ச மீறிட்டேன்னு எந்த வாயால சொல்றது?"

நான், "என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீ கேட்டது பாப்பாவுக்கு டிவி போட்டியான்னு. போடலன்னேன். போடல."

சுமா அழுதாள். வேண்டாம்க்கா, நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம் என்றாள். நந்து, 'பாப்பா'வைத் திறந்தால்தான் யானை வரும் என்று என் கையைப் பிடித்து இழுத்தான். அன்றைக்குப் போனில் கேட்ட பாட்டு இந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சுவர் கூரை வரைக்கும் போவதில்லை, லைன் வீடுகளுக்கு என்றைக்குமே அப்படித்தான். நான் இந்த வீட்டில் நாலு வருஷம் இருந்திருக்கிறேன்.

எனக்கு வெட்கம்தான் முதலில் வந்தது. அது கொஞ்ச நேரம்தான். பிறகு வேறொன்று உறைத்தது.

அக்கா போடவில்லை. ஜூன் மாதத்திலிருந்தே போடவில்லை. டாக்டர் சொன்ன ஒரு மாதம் எப்போதோ முடிந்து, அதற்குமேல் இன்னொரு மாதமும் ஓடிவிட்டது. இரண்டு மாதமாக உன் முன்னால் ஒரு திரையும் இல்லை. நீ இன்னும் திரும்பவில்லை.

அப்ப — டிவி இல்ல. டிவியே இல்ல பாப்பா.

நீ கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். நான் பின்னால் போய் நின்றேன். "மித்ரா" என்றேன். "மித்ராக் கண்ணு." உன் அப்பா கூப்பிட்டார். நான் கையைத் தட்டினேன். நீ கீரைக்காம்பை இரண்டாக ஒடித்தாய், அதை மூன்றாக ஒடித்தாய். நந்து அழுகையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான்.

நான் அப்பவே சொன்னேனே என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சொல்லவே இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

டாக்டர் உடனே எழுதிக்கொடுத்தார். தேதி கிடைத்துவிட்டது. உன் அப்பா பாஸ்வேர்டைக் கேட்டார், கொடுத்தேன். அவரே பக்கத்து வீட்டுக்குப் போய் நந்துவுக்குப் போட்டுக்கொடுத்துவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பெங்களூர். நாலு பேரும் போனோம். அக்காவை வரச் சொல்லி நான்தான் கேட்டேன். "நான் இன்னாத்துக்கு?" என்றார், ஆனால் எங்களுக்கு முன்பே கிளம்பி நின்றார்.

ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியது. நீ என் மடியில். ஒரு பக்கம் சத்தம் வரும், கேட்டுத் திரும்பினால் அங்கே ஒரு பொம்மைக் குரங்கு விளக்கோடு ஆடும். எனக்குச் சத்தம் கேட்டது, நீ திரும்பவில்லை. இன்னும் கூட்டினார்கள். எனக்குக் கேட்டது. இன்னும் கூட்டினார்கள். உன் தலையைப் பிடித்துத் திருப்பிவிடலாமா என்று என் கை போனது. ரொம்பக் கூட்டிய பிறகு திரும்பினாய். குரங்கைப் பார்த்துச் சிரித்தாய்.

பிறகு மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டியும் பார்த்தார்கள்.

பரிசோதித்த பெண் பொறுமையாகச் சொன்னார். இரண்டு காதிலும் குறை இருக்கிறது. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கலாம். பெரிய சத்தம் கேட்கும். ரயில் கேட்கும், பட்டாசு கேட்கும். பேச்சு கேட்காது.

"டிவினால வந்ததா மேடம்?" இதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"இல்லம்மா. டிவிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. காதுக்கு மெஷின் போடலாம், பயிற்சி குடுக்கலாம். சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லது."

சீக்கிரம். ஜூலையில் வந்திருக்கலாம். ஜூலையில் நான் யானையைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் ரயிலில் உட்கார இடமில்லை. பங்காருப்பேட்டை தாண்டியதும் ஒருவர் எழுந்தார், அக்கா என்னை உட்காரவைத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, அன்னிக்கி சொன்னது…" என்று ஆரம்பித்தேன்.

"புள்ளய சரியாப் புடி. வழுக்குது" என்றார்.

செப்டம்பர் 13, சனி

மெஷின் வந்துவிட்டது. ரோஸ் நிறத்தில், மொச்சைக்கொட்டை போல இரண்டு. போட்ட உடனே வீலென்று அழுதாய். நான் பயந்துபோனேன். மெஷினைப் பொருத்திய பெண் மட்டும் சிரித்தார். "அழட்டும், தன்னோட அழுகைய இப்பதான் கேக்குறா" என்றார்.

செப்டம்பர் 18, வியாழன்

பிடுங்கிப் பிடுங்கி எறிகிறாய். இன்று ஒன்றைக் காணோம். வீடே தலைகீழ். கடைசியில் சுமா கண்டுபிடித்தாள், அக்காவின் வெற்றிலைப் பெட்டியில் இருந்தது. "கெழவியாவறதுக்கு இப்பவே ரெடியாவறா பாரு" என்றார் அக்கா. இந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்துப் பல நாளாகியிருந்தது.

செப்டம்பர் 27, சனி

பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு வழிமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறார். உன்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டு நிறுத்த வேண்டும். மறுபடி மறுபடி கூப்பிட்டுத் தொல்லைப்படுத்தக் கூடாது. காது வாங்கியதை மூளை புரிந்துகொள்ள நேரம் வேண்டுமாம். எனக்கு அதுதான் கஷ்டம். காத்திருக்கத் தெரியாதவள் உன் அம்மா. ஒரு இடைவெளி கிடைத்தால் போதும், அதற்குள் ஒரு ஆளைக் குற்றவாளியாக்கிவிடுவேன். அக்காவுக்கு அது நன்றாக வருகிறது. கூப்பிட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் பூண்டு உரிக்கிறார்.

இன்று காலை நீ ஜன்னல் பக்கம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முதுகு எங்கள் பக்கம். அக்கா சாதாரணமாக, கத்தாமல், "மித்ரா" என்றார். பூண்டுத் தோல் உதிர்கிற சத்தம்கூடக் கேட்டது.

நீ திரும்பினாய்.

அக்காவைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். யார் கூப்பிட்டது என்று உனக்குத் தெரியவில்லை. அக்கா சட்டென்று என்னைக் கை காட்டினார். "உங்கம்மாதான் கூப்ட்டா." முதல்தடவையாக அவர் பொய் சொல்லி நான் கேட்டேன்.

என்னிடம் வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாய். வார்த்தை எதுவும் இல்லை. வாய் மட்டும் எதையோ தேடியது.

பாப்பா, நான் உன்னைத் தினமும் கூப்பிடுகிறேன். கூப்பிட்டுவிட்டு நிறுத்துகிறேன். அவசரப்படுத்தவில்லை. ஆனாலும் சீக்கிரம் பதில் சொல்லு.